நடக்கிறது

நெல்பேட்டையில் காஜா கடைக் கோழி
தலை போன பிறகும் நாலு எட்டு வைக்கும்.
டிரம்முக்குள் அதன் கால்கள் தகரத்தை உதைக்கிற சத்தம்
வேலைக்குப் போகும் வழியில் எனக்குத் தினப்பாடம்:
ஓடுவதற்குத் தலை வேண்டியதில்லை.

சோணைமுத்துவுக்குத் தலை இருக்கிறது.
ஒத்தக்கடையில் மூன்றாம் மாடி சென்ட்ரிங் பலகையில்
ஓர் ஆணி குறைவதை
விழுந்துகொண்டே எண்ணிய தலை.
முதுகின் நடுவில் தண்டுவடம் நசுங்கியிருந்தது.
"முழுசா அறுந்து போகல" என்றார் டாக்டர்.
முழுசாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

எங்கள் டிரெட்மில்,
கே.கே. நகரில் ஒரு ஜிம் மூடியபோது மலிவாக வந்தது.
ஆளைத் தூக்கிப் பிடிக்கும் வார்
சிம்மக்கல்லில் ஆட்டோ சீட் தைக்கும் ஜெபமாலை தைத்தது.
அதில் அவரை மாட்டி, பாதி எடையைக் கயிற்றுக்குக் கொடுத்து,
ஒரு பாதத்தை நானும் மறு பாதத்தை ஃப்ளோராவும் பிடித்து
பெல்ட்டை ஓடவிட்டோம்.
இருபத்து மூன்றாம் நாள்
கையை எடுத்தேன்.
கால் வந்தது.
இடது. பிறகு வலது. பிறகு
யாரும் கூப்பிடாமலே இடது.

"நடக்குறாருக்கா!"
ரதிதேவி டிபன் கேரியரைக் கீழே போட்டாள்.
தன் கால்களை எதிர்க் கண்ணாடியில்
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப்போலப் பார்த்தார் சோணைமுத்து.
"நான் நடக்கலைங்க," என்றார்.
"நடக்குது."

கல்யாணம் நடக்கிறது. திருட்டு நடக்கிறது.
பாண்டி கோயில் பக்கம் நாலு வருஷமாய் ரோடு வேலை நடக்கிறது.
யார் என்று கேட்காத வினைச்சொல்.
அதே சொல்லில்தான் மனிதனும்
கடைக்குப் போய் வருகிறான்.

அவருக்கு நான் சொன்னது:
இடுப்புக்குச் சற்று மேலே, எலும்புக்கு உள்ளே,
சுண்டுவிரல் தடிமன் வடத்தில்
நரம்பணுக்கள் ஒன்றன் வாயை ஒன்று
மாற்றி மாற்றிப் பொத்துகின்றன.
மடக்கு என்பது பேசினால் நீட்டு என்பது சும்மா இருக்கும்.
அது களைத்ததும் இது.
இடது எழுந்தால் வலது ஊன்றும்.
வைகையில் தண்ணீர் வந்தால் விலாங்கு நெளிவதும்
கீழவாசலில் மாடு போஸ்டரை மென்றபடி பஸ்ஸை மறிப்பதும்
இந்தப் பேச்சில்தான்.
மூளைத்தண்டிலிருந்து கீழே வருவது அதிகமில்லை.
கிளம்பு. இன்னும் சீக்கிரம். இந்தப் பக்கம். நில்.

"தேர் மாதிரி," என்றார்.
சித்திரையில் அவர் முட்டுக்கட்டை போடும் ஆள்.
எனக்குத் தெரியாது.
"இழுக்குறது ஆயிரம் பேரு. ஒருத்தன் ரோட்டப் பாக்க மாட்டான்.
மாசி வீதி முக்குல திருப்பணும்னா
சக்கரத்துக்கு அடியில கட்டை. அது நாங்க.
மூணு பேருக்கு விரல் இல்ல."

ஆடியில் ஒரு வியாழக்கிழமை
பெல்ட் ஓடிக்கொண்டிருக்க, இடது கால் வரவில்லை.
ஊன்றிய பாதம் ஊன்றியபடியே பின்னால் போனது.
வார் முறுக்கியது. கான்வாஸ் ஷூ தேய்கிற வாடை.
சிவப்புப் பொத்தானை அடித்தேன்.
"விறைப்பு" என்று ஃப்ளோரா பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க. மறுபடி போடுங்க."

போட்டோம்.
ஆறு எட்டு, தானாக.
ஏழாவதில் அவர் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது.
கால் நின்றது.

"இது," என்றார், மூச்சு வாங்கி,
"இது நான்."

அவர் வீடு செல்லூரில், மாடியில். பதினான்கு படி.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

அன்று மாலை யோசித்துக்கொண்டே வந்ததில்
கோரிப்பாளையம் சிக்னலையும் பாலத்தில் பாதியையும்
என் கால்கள் என்னைக் கேட்காமலே கடந்திருந்தன.
நடுப்பாலத்தில் நின்றேன்.
வேலை ஒன்றுமில்லை.
பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.